வழக்குரைஞர்களுக்கும் வேண்டும் தொடர் கல்வி

சேலத்திலிருந்து நாமக்கல், பரமத்தி வேலூர் வழியாகக் கரூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நிகழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறந்தவர் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தவர். வாரிசுச் சான்றிதழுக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் அலைந்த அவருடைய மனைவி, ஏழு மாதங்கள் கழித்தே ஒரு வழக்குரைஞரை நாடுகிறார். இனி இழப்பீடு கோர முடியுமா?

இக்கேள்விக்கான விடை முப்பது ஆண்டுகளில் மும்முறை மாறியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் காலவரம்பை நீக்கியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறு மாத வரம்பை மீண்டும் விதித்தது. அது நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரல் 1-இல். காலம் கடந்துவிட்டது என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இதை அறியாத வழக்குரைஞர் அப்பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடக் கூடும். தாம் எதை இழந்தோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

மருத்துவச் சேவை குறித்து 1963-இல் எழுதிய கட்டுரையில் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ விளக்கியது இந்த நிலையைத்தான். வாங்குபவரைவிட விற்பவர் மிக அதிகம் அறிந்துள்ள துறையில், தரத்தைச் சந்தைப் போட்டி மட்டும் காப்பாற்றாது. வேலூர்ச் சந்தையில் வெற்றிலையைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். வழக்குரைஞரின் அறிவை அப்படிச் சோதிக்க இயலாது.

வழக்குரைஞர்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்று 2024 மே 14-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு வலுவான காரணங்கள் இருக்கலாம். ஆனால், கட்சிக்காரருக்கு எஞ்சியிருப்பவை உரிமையியல் வழக்கும் பார் கவுன்சிலிடம் புகாரும்தான். இரண்டுமே பாதிப்பு நேர்ந்த பிறகு, அதை அவர் உணர்ந்தால் மட்டுமே பயன்படுபவை.

மருத்துவர்கள் ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரத் தொடர் கல்வி பெற வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. பட்டயக் கணக்காளர்களுக்கும் அத்தகைய கட்டாயம் உள்ளது. நீதிபதிகளுக்குத் தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாதெமி பயிற்சி அளிக்கிறது. வழக்குரைஞருக்கோ தொழிலில் நுழையும்போது ஓர் அகில இந்தியத் தேர்வு; அதுவும் 2009-10 கல்வியாண்டு முதல் பட்டம் பெற்றோருக்கு மட்டும். பிறகு நாற்பது ஆண்டுகள் அவரவர் விருப்பம்.

அந்த நாற்பது ஆண்டுகளில் என்னதான் மாறாது? 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே 2024 ஜூலை 1-இல் விடைபெற்றுவிட்டது. புதிய சட்டங்களின் பெயர்கள் நம் நாவில் இன்னும் பழகவில்லை என்பது வேறு கதை. கைப்பேசிக் காணொலியைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு கோரும் சான்றிதழ் முன்பிருந்ததைவிடச் சிக்கலானது. அதில் பிழை நேர்ந்தால் உண்மையான சாட்சியமும் வீணாகலாம்.

தொழில் நெறியும் பாடமாக வேண்டும். வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. விபத்து வழக்குகளில் இத்தனை விழுக்காடு என்று பேசப்படுவது எல்லாரும் அறிந்த ரகசியம். முன்பணம் தர முடியாத ஏழைக்கு அதுதான் ஒரே வழி என்ற வாதத்தையும் புறந்தள்ள முடியாது. இதை வழக்குரைஞர்கள் வெளிப்படையாக விவாதிக்க ஓர் இடமாவது வேண்டாமா?

மணிக்கணக்கை மட்டும் கட்டாயமாக்கினால், கருத்தரங்கில் கையொப்பமிட்டுச் சான்றிதழ் வாங்கும் சடங்காகிவிடும். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு இருந்த ஆண்டுக்கு 16 மணி நேர விதியை 2016-இல் கைவிட்டு, என்ன கற்க வேண்டும் என்பதை அவர்களே ஆராய்ந்து உறுதியளிக்கும் முறைக்கு மாறினார்கள். ஆனால், அங்கு அதற்கு முன் பல்லாண்டுக் கட்டாயப் பயிற்சி இருந்தது. நாம் இன்னும் தொடங்கவே இல்லை.

செலவு யாருடையது? பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் ரூ.750-க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டதால், பார் கவுன்சில்களின் வருவாய் சுருங்கியிருக்கிறது. மாதம் சில ஆயிரங்களில் காலந்தள்ளும் இளம் வழக்குரைஞரிடம் கட்டணம் கேட்பது நியாயமன்று. இலவச சட்ட உதவிக்கான வழக்குரைஞர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் ஏற்கெனவே பயிற்சி அளித்து வருகின்றன. அவ்வகுப்புகளைத் தமிழில், நீதிமன்ற நேரம் முடிந்த பின், பரமத்தி போன்ற வட்ட அளவிலான நீதிமன்ற வளாகங்களிலேயே நடத்தி, வழக்குரைஞர்கள் அனைவரையும் அனுமதித்தால் கூடுதல் செலவு சொற்பமே. அவ்வனுமதிக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.