தீர்ப்பு வந்தது, சுவர் இன்னும் நிற்கிறது!

தன் வீட்டைச் சுற்றி வேலி போட யாருக்கும் உரிமை உண்டு. அந்த வேலியை அடுத்தவன் தோட்டத்தின் நடுவே போட்டுவிட்டு, "திருடனுக்குப் பயந்து போட்டேன்" என்று சொன்னால் அதற்குப் பெயர் என்ன? நில அபகரிப்பு!

2002-ஆம் ஆண்டு மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பத் தொடங்கிய பிரிவினைச் சுவரின் கதை இதுதான். தற்கொலைத் தாக்குதல்களிலிருந்து தன் மக்களைக் காக்கவே சுவர் என்றது இஸ்ரேல். பேருந்துகளிலும் உணவகங்களிலும் அப்பாவிகள் கொல்லப்பட்டது உண்மை. அதை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால், பாதுகாப்பு மட்டுமே நோக்கம் என்றால் 1949-ஆம் ஆண்டின் போர்நிறுத்தக் கோட்டை ஒட்டித் தன் மண்ணிலேயே கட்டியிருக்கலாமே! 700 கிலோமீட்டருக்கும் மேல் திட்டமிடப்பட்ட பாதையில் ஏறக்குறைய 85 விழுக்காடு மேற்குக் கரைக்குள் ஓடுவது ஏன்? யூதக் குடியேற்றங்களை வளைத்து வளைத்துத் தன் பக்கம் சேர்த்துக்கொள்வது ஏன்?

நகர்ப்புறங்களில் 8 மீட்டர் உயரக் கான்கிரீட். மற்ற இடங்களில் முள்கம்பி, அகழி, ரோந்துச் சாலை. கல்கிலியா நகரம் ஏறக்குறைய முழுவதுமாக வளைக்கப்பட்டது. சுவருக்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட நிலங்கள் 2003 அக்டோபர் முதல் மூடப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. பாட்டன் நட்ட ஒலிவ மரத்தில் காய் பறிக்க, பேரன் இராணுவத்திடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வாயிற்கதவு திறக்கக் காத்துக் கிடக்க வேண்டும்.

ஐ.நா. பொதுச்சபை இதை ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தின் முன் வைத்தது. 2004 பிப்ரவரியில் நம் மலேசியாவும் அங்கே வாதிட்டது. ஜூலை 9-ஆம் நாள், 14 நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மட்டும் மறுபக்கம் என்ற நிலையில் நீதிமன்றம் சொன்னது: மேற்குக் கரைக்குள் கட்டப்படும் சுவர் சட்டவிரோதம், கட்டுவதை நிறுத்து, கட்டியதை இடி, இழப்பீடு கொடு! பதினொரு நாள் கழித்து, 150 நாடுகள் பொதுச்சபையில் அதை ஆதரித்து வாக்களித்தன.

"அது வெறும் ஆலோசனைக் கருத்துதானே" என்று கைகழுவுகிறவர்கள் உண்டு. கருத்து ஆலோசனையாக இருக்கலாம். அது எடுத்துக்காட்டிய ஜெனீவா ஒப்பந்தமும் சுயநிர்ணய உரிமையும் ஆலோசனை அல்ல, கட்டுப்படுத்தும் சட்டம். சுவரால் உண்டான நிலையை ஏற்கவோ, அதைக் காக்க உதவவோ கூடாது என்று நீதிமன்றம் எல்லா நாடுகளுக்குமே கடமை விதித்தது. எத்தனை நாடுகள் அதை மதித்தன?

பில்இன் கிராம மக்கள் வாரந்தோறும் போராடினார்கள். இஸ்ரேலின் உச்சநீதிமன்றமே 2007-இல் அங்கே பாதையை மாற்றச் சொன்னது. மாற்றப்பட்டது 2011-இல்! அதுவும் ஒரு கிராமத்தில், ஒரு பகுதியில்.

2024 ஜூலை 19-இல் அதே அனைத்துலக நீதிமன்றம் ஆக்கிரமிப்பே சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. 12 மாதத்தில் வெளியேற வேண்டும் என்று பொதுச்சபை அந்த ஆண்டு செப்டம்பரில் 124 வாக்குகளால் கோரியது. கெடு கடந்துவிட்டது.

படையும் பணமும் இல்லாத மக்களுக்குச் சட்டம் ஒன்றே கவசம். சிறுபான்மையினரான நாம் அதை நன்கு அறிவோம். ஹேக்கில் மலேசியா பேசிய நீதி சரியானது. அதே அளவுகோலை வீட்டிலும் கேட்பது நம் உரிமை. பலவான் மீறினால் தீர்ப்பு வெறும் காகிதம் என்பதை இன்று வாய்மூடி ஏற்றுக்கொண்டால், நாளை நாம் எந்தக் கதவைத் தட்டுவது?