'சான்' தெரியும், 'அண்ணாச்சி' தெரியாதா?

என் நண்பர்களில் நாலு பேர் இப்போது ஜப்பான் மொழி படிக்கிறார்கள். இரண்டு பேருக்கு அங்கே வேலைக்குப் போக வேண்டும். மற்ற இரண்டு பேரும் அனிமே பார்த்துக் கெட்டுப்போனவர்கள். அவர்களில் ஒருவன் போன மாதம் வடசேரியில் ஒரு சாயாக்கடையில் வைத்து எனக்கு வகுப்பெடுத்தான். பெயருக்குப் பின்னால் 'சான்' போடாமல் யாரையும் கூப்பிடக் கூடாது. வாடிக்கையாளருக்கு 'சாமா'. சின்னப் பையன்களுக்கு 'குன்', குழந்தைகளுக்கும் நெருக்கமானவர்களுக்கும் 'சான்' அல்ல, 'ச்சான்'. தன் பெயருக்குப் பின்னால் மட்டும் எதையும் போடக் கூடாது, அது திமிர். வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு அங்கே 'யோபிசுதே' என்று ஒரு சொல்லே உண்டு. கூப்பிட்டு எறிவது என்று பொருள். "எப்படி மரியாதை பாத்தியாடே!" என்று உருகினான்.

அதே மூச்சில் திரும்பி, தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த எழுபது வயதுக்காரரைப் பார்த்து, "ஏய், இஞ்ச வாடே, இந்தக் கப்ப எடுத்துப் போடு" என்றான்.

அவனைத் திட்டி எழுத வரவில்லை. அந்தப் பெரியவரை நானும் பத்து வருடமாக 'நீ' என்றுதான் பேசி வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அவர் 'அவன்'.

நான் நாடார் வீட்டில் பிறந்தவன். எங்கள் வீட்டில் தோள்சீலைப் போராட்டத்தைப் பேசாத திருவிழா கிடையாது. திருவிதாங்கூரில் எங்கள் பாட்டிமார் மார்பை மறைக்க உரிமை கேட்டு அடிபட்டதும், 1859 ஜூலை 26-ஆம் தேதி அரசு அறிவிப்பு வந்ததும், அதிலும் உயர்சாதிப் பெண்கள் போல உடுத்தக் கூடாது என்று வால் வைத்ததும் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்த வரலாற்றில் துணிக்குப் பக்கத்திலேயே மொழியும் இருந்தது. அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம். லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மேட்டீர் 1871-இல் வெளியிட்ட புத்தகத்தில் பட்டியலே போடுகிறார்: எங்கள் ஆட்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, மாடி கட்டக் கூடாது, ஊரார் பேசும் சாதாரண மொழியைக்கூடப் பேசக் கூடாது. புலையர் நிலை அதைவிடக் கொடுமை. 'நான்' என்று சொல்ல முடியாது, 'அடியேன்' என்றுதான் சொல்ல வேண்டும். தன் சோற்றைச் சோறு என்று சொல்ல முடியாது, அழுக்குக் கஞ்சி என்று சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளைக் குரங்கு என்றும் கன்று என்றும் சொல்ல வேண்டும்.

ஜப்பான் மொழியிலும் தன்னைத் தாழ்த்திப் பேசும் வினைச்சொற்கள் உண்டே என்று நண்பன் கேட்பான். உண்டுதான். ஆனால் அங்கே இன்று அது ஆளைப் பொறுத்து மாறும். அலுவலகத்துக்குள் மேலாளருக்குச் 'சான்' போடும் ஊழியர், வெளியாளிடம் பேசும்போது அதே மேலாளரை வெறும் பெயரால் சொல்வார். நம் ஆள் என்பதால் நாமே இறக்கிச் சொல்வது முறை. இங்கே அந்தப் புலையர் யாரிடம் பேசினாலும், எந்த வயதில் பேசினாலும், அவருக்கு இறங்குவது மட்டும்தான் இருந்தது. பணிவு தானாக விரும்பிக் குனிவது. குனியாவிட்டால் உதை விழும் என்றால் அதற்கு வேறு பெயர்.

ஜப்பானைத் தூக்கிப் பிடிக்கவும் நான் தயாரில்லை. அங்கேயும் தோல் வேலை செய்தவர்களை, பிணம் எரித்தவர்களைத் தனிக் குடியிருப்பில் ஒதுக்கி வைத்தார்கள். 1871-இல் அரசு சட்டப்படி அந்தத் தாழ்வை நீக்கியது. உடனே ஊர் அவர்களுக்குப் 'புதுக் குடிகள்' என்று புதுப் பெயர் சூட்டிப் பழைய வேலியைக் காப்பாற்றிக்கொண்டது. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் அவர்கள் கூடி 'சுய்ஹெய்ஷா' இயக்கத்தைத் தொடங்கியபோது போட்ட முதல் தீர்மானங்களில் ஒன்று எதைப் பற்றித் தெரியுமா? சொல்லைப் பற்றி. இழிபெயர் சொல்லி எங்களை அவமதிப்பவன் யாராக இருந்தாலும் நேருக்கு நேர் கேள்வி கேட்போம் என்றார்கள். மரியாதைக்குப் பேர்போன மொழிக்குள்ளேதான் அந்த இழிபெயர்களும் இருந்தன.

இங்கே இலக்கணமே சாட்சி சொல்லும். பிள்ளைக்குக் கேட்பானேன், சொல்லிலேயே செல்லம். முதலியார், செட்டியார், தேவர், நாடார்: எல்லாம் 'ர்'. அரசின் பட்டியல் சாதி அட்டவணையைத் திறந்தால் பறையன், புலையன், சக்கிலியன் என்று 'ன்'. நாங்களும் 'ன்'னில் இருந்தவர்கள்தான். சென்னை மாகாணத்தில் 1921-இல்தான் அரசுப் பதிவில் 'சாணான்' 'நாடார்' ஆனது. அந்த ஓர் எழுத்துக்காக எத்தனை மனு, எத்தனை மாநாடு! அந்த எழுத்தின் விலை தெரிந்த நாம், அடுத்தவருக்கு அதைக் கொடுக்கக் கை நடுங்குகிறோம். 'ன்'னை 'ர்' ஆக்கச் சொல்லி முதலமைச்சர் ஸ்டாலின் 2025-இல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நல்லது. ஆனால் என் வீட்டு அடுக்களையில் 'அவன்' 'அவர்' ஆக எந்த ஒன்றிய அரசும் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை.

"நம்ம ஊரு பேச்சே அப்படித்தான், பாசத்துல சொல்லுகது" என்பார்கள். பொய். நாஞ்சில் பேச்சில் 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் நடுவே 'நீரு' என்று ஒரு படியே இருக்கிறது. "என்னவே, சொல்லும்வே" என்று சமமானவர்கள் பேசிக்கொள்வது. அவ்வளவு நுணுக்கமான அளவுகோல் கையில் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் கடை வைத்திருப்பவன் எல்லோருக்கும் அண்ணாச்சி. அந்தக் கடை வாசலைப் பெருக்கும் எழுபது வயதுக்காரர் யாருக்கும் அண்ணாச்சி இல்லை. பாசம் என்றால் அவர் திருப்பி நம்மை 'வாடே' என்று கூப்பிட முடிய வேண்டும். கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரியார் 1932-இல் ஐரோப்பியப் பயணம் முடிந்து திரும்பியதும் ஸ்ரீயும் மகா-ள-ள-ஸ்ரீயும் வேண்டாம், எல்லோரையும் 'தோழர்' என்றே சொல்லுங்கள் என்றார். மேடையில் நாமும் ஒருவரை ஒருவர் தோழர் என்கிறோம். கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்க வருகிறவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம், தோழர்களே?

மறுநாள் அதே கடையில் அந்தப் பெரியவரிடம் போய், "அண்ணாச்சி, சாயா குடிக்கேளா?" என்றேன். ஏதோ பெரிய புரட்சி செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணாச்சி கிடக்கட்டும். எனக்க பேரு தெரியுமா உனக்கு?"

தெரியாது. பத்து வருடமாகக் கேட்டதில்லை. கேட்டேன், சொன்னார். வீட்டில் வந்து பாட்டியிடம் அந்தப் பெயரோடு அண்ணாச்சி சேர்த்துச் சொன்னபோது, "அது யாருலே?" என்றாள். விளக்கினேன். "அவனா!" என்றாள். அன்று தொடங்கிய சண்டை இன்னும் நடக்கிறது. பாட்டி இப்போது அவரைப் பற்றிப் பேசும்போது 'அவன்' என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொள்கிறாள். 'அவர்' இன்னும் வரவில்லை.