ஃபுல் ஃபிரேம் இல்லைன்னா போட்டோகிராஃபரே இல்லையா?

சற்று நீண்ட இழை. கேமரா வாங்க கடன் போடலாம்னு யோசிக்கிறவங்களாவது முழுசா படிச்சிடுங்க.

"கிராப் சென்சார் கத்துக்கிறவங்களுக்கு, ஃபுல் ஃபிரேம் தொழில் பண்றவங்களுக்கு." யூடியூப்பைத் திறந்தாலும் சரி, கேமரா கடைக்குள்ள கால் வச்சாலும் சரி, இதே வசனம்தான். தினமும் ஓபி பார்க்கிற எனக்கு இது பழகின குரல். சாதாரண சளிக்கு "ஊசி போட்டாத்தான் கேக்கும்"னு சொல்ற அதே குரல்.

முதல்ல அந்த 'ஃபுல்' எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. சினிமாவுக்குச் செஞ்ச 35 மி.மீ. ஃபிலிமை ஸ்டில் கேமராவுல படுக்கைவாட்டுல ஓட்டி, 36க்கு 24 மி.மீ.னு ஒரு அளவைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஆஸ்கர் பார்னாக். 1925-ல் அந்தக் கேமரா லைக்கான்னு விற்பனைக்கு வந்தப்போ, கண்ணாடித் தகட்டுல படம் எடுத்துப் பழகினவங்களுக்கு அது குட்டி சைஸ். 'மினியேச்சர்'னுதான் சொன்னாங்க. அந்தக் குட்டிக்குத்தான் இப்போ 'ஃபுல்'னு பேரு.

அதே ஃபிலிம் சினிமா கேமராவுல நெட்டுக்குத்தா ஓடும். ஒரு பிரேமோட அகலம் 22 மி.மீ. சொச்சம், சூப்பர் 35-ல கிட்டத்தட்ட 25. அதாவது ஏறக்குறைய இன்னைக்குக் கிராப் சென்சார் இருக்கிற அளவு. ஃபிலிம் காலத்துல தியேட்டர்ல வாயைப் பொளந்து பார்த்த படங்கள்ல பெரும்பாலானவை இந்த அளவுல எடுத்ததுதான். யாராவது 'பிகினர்' படம்னு எழுந்து வந்தீங்களா?

1999-ல் டி1 வந்ததிலிருந்து 2007-ல் டி3 வர்ற வரைக்கும் நிக்கான்ல டிஜிட்டல் ஃபுல் ஃபிரேமே கிடையாது. அந்த எட்டு வருஷம் நிக்கான் வச்சிருந்த பத்திரிகைக்காரங்க என்ன, வீட்டுல உக்காந்திருந்தாங்களா? ஃபியூஜி இன்னைக்கும் ஃபுல் ஃபிரேம் செய்யறதில்லை. ஒண்ணு கிராப், இல்லைன்னா அதைவிடப் பெரிய மீடியம் ஃபார்மட். 'ஃபுல்'தான் உச்சம்னா அதுக்கு மேல இருக்கிறதை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?

சரி, வித்தியாசமே இல்லையா டாக்டர்? இருக்கு. நிக்கான், சோனி, ஃபியூஜி கிராப் சென்சார் சுமார் 23.5க்கு 15.6 மி.மீ. பரப்பளவுல ஃபுல் ஃபிரேம் 2.3 மடங்கு பெருசு. அதே எஃப் எண், அதே ஷட்டர் வேகம்னா மொத்தமா அத்தனை மடங்கு வெளிச்சம் வாங்கும். இருட்டுல புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸ் குறையும். இது இயற்பியல், மறுக்கவே மாட்டேன். ஆனா அந்த லாபம் ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான்.

இப்போ லென்ஸுக்கு வாங்க.

எங்க வார்டுல வேலை செய்யற அக்காவோட பையன், கல்யாண போட்டோ எடுக்கணும்னு ஆசை. கடையில "தம்பி, ஃபுல் ஃபிரேம் இல்லாம ஆர்டரே வராது"ன்னு சொல்லி, பாடியோட சேர்த்து சாதா கிட் லென்ஸை இஎம்ஐ-ல தலையில கட்டிட்டாங்க. நல்ல லென்ஸுக்குக் காசில்லை. ஃபிளாஷுக்கும் இல்லை. மாசாமாசம் தவணை மட்டும் போகுது. அது அந்தக்கா சம்பளத்திலிருந்து.

அந்த மாதிரி கிட் ஜூமை 75 மி.மீ.க்கு இழுத்தா எஃப் 5.6, இல்லை அதுக்கும் மோசம். கிராப் பாடியில ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 மாட்டுங்க. அதே 75 மி.மீ. பார்வைதான் கிடைக்கும். ஆனா லென்ஸ் உள்ள விடற வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. சென்சார்ல 2.3 மடங்கு இழந்தாலும், மொத்தத்துல கிராப் நாலு மடங்கு முன்னாடி நிக்குது. அதுவும் குறைஞ்ச காசுக்கு. இந்தக் கணக்கை எந்தக் கடைக்காரரும் உங்களுக்குப் போட்டுக் காட்ட மாட்டார்.

"ஆல்பம் பிரின்ட்ல கிராப் உடைஞ்சிடும்"னு ஒரு புரளி வேற. 18க்கு 12 இன்ச்சுல, 300 டிபிஐ-ல ஒரு படம் அச்சடிக்க 5400க்கு 3600 பிக்சல் போதும். 24 மெகாபிக்சல் கிராப் கேமரா 6000க்கு 4000 தருது. உடையறதுக்கு என்ன இருக்கு?

பறவை எடுக்கிறவங்களுக்குக் கதையே தலைகீழ். வேடந்தாங்கல்ல 300 மி.மீ. லென்ஸோட நிக்கிறீங்க. 24 மெகாபிக்சல் கிராப்ல 450 மி.மீ. பார்வைக்கு முழு 24-ம் கிடைக்கும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம்ல அதே அளவுக்கு வெட்டினா மிஞ்சறது சுமார் 10. காயம், தோல் தடிப்புன்னு கிட்ட வச்சுப் படம் எடுக்கிற எங்களுக்கும் அப்படித்தான். அதே எஃப் எண்ல கிராப்ல ஃபோகஸ் ஆழம் கூடுதலா கிடைக்கும். பின்னாடி மங்கலாகற அழகு நோயாளியோட ஃபைல்ல எதுக்கு?

ஃபுல் ஃபிரேம் யாருக்கு? ஃபிளாஷ் அடிக்க விடாத இடத்துல ராத்திரி வேலை செய்யறவங்க, நட்சத்திரம் எடுக்கிறவங்க, நல்ல லென்ஸும் லைட்டும் ஏற்கெனவே கையில இருந்து அதுக்கு மேலயும் போதாதவங்க. அவங்க தாராளமா வாங்கட்டும். மத்தவங்க முதல்ல ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ரெண்டு கேமராவுலயும் ஒரே மண்டபத்துல படம் எடுத்துப் பாருங்க. எது எதுல எடுத்ததுன்னு பார்ட்டியால சொல்ல முடியுதான்னு கேளுங்க.

கமென்ட்ல மாடல் நம்பர் மட்டும் போட்டு "இது ஓகேவா சார்"னு கேக்காதீங்க. என்ன எடுக்கப் போறீங்க, பகலா ராத்திரியா, கையில இருக்கிற காசு எவ்வளவு, அதுல கடன் எவ்வளவுன்னு எழுதுங்க. இன்னைக்கு நைட் டூட்டி, நாளைக்கு மதியத்துக்கு மேல பதில் போடறேன்.