கோதுமைக்கு வந்த குலை நோய்: எல்லைத் தடை மட்டும் போதுமா?

புது தில்லி: கதிர் விட்ட பயிரை எரிக்குமாறு ஓர் அரசே உத்தரவிடுகிறது என்றால், அதன் பின்னணியில் உள்ள அச்சம் சாதாரணமானதாக இருக்க முடியாது. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் அதுதான் நடந்தது. குலை நோய் தாக்கியிருக்கலாம் என ஐயுற்ற கோதுமை வயல்கள் எரிக்கப்பட்டன. பின்னர் அவ்விரு மாவட்டங்களிலும், மாநிலத்தில் வங்கதேச எல்லையை ஒட்டிய 5 கிலோ மீட்டர் பகுதியிலும் கோதுமை சாகுபடியே நிறுத்தி வைக்கப்பட்டது.

இதற்குக் காரணம் 2016 பிப்ரவரியில் வங்கதேசத்தில் நேர்ந்த பாதிப்பு. நதியாவை அடுத்துள்ள மெஹர்பூர் உள்பட 8 மாவட்டங்களில் சுமார் 15 ஆயிரம் ஹெக்டேர் கோதுமை தாக்கப்பட்டது. கதிர்கள் வெளுத்து, மணிகள் சுருங்கின. ஆசியாவில் இந்நோய் தலைகாட்டியது அதுவே முதல் முறை. காற்றிலும் விதையிலும் பரவும் பூஞ்சையை எல்லை வேலி தடுக்காது. ஆண்டுக்கு 11 கோடி டன்னுக்கு மேல் கோதுமை விளையும் நாட்டில் இது உணவுப் பாதுகாப்புப் பிரச்னை.

நோயின் மூலம்

நெல் குலை நோய் தமிழக விவசாயிகளுக்குப் புதிதல்ல. கோதுமையைத் தாக்குவதும் 'மேக்னாபோர்த்தே ஒரைசே' என்ற அதே இனப் பூஞ்சைதான். வகை மட்டும் வேறு. எந்தப் பயிருக்குள் நுழைய முடியும் என்பதைத் தீர்மானிப்பதில் பூஞ்சை சுரக்கும் புரதங்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. இவற்றில் பல, பயிரின் தற்காப்பை முடக்குபவை. ஆயினும் அவற்றில் ஒன்றைப் பயிர் இனங்கண்டுகொண்டால், உடனே விழித்துப் பூஞ்சையை மடக்கிவிடும்.

இந்நோய் கோதுமையில் முதலில் கண்டறியப்பட்டது 1985-இல், பிரேசிலின் பரானா மாநிலத்தில். அது எவ்வாறு தோன்றியது என்பதை ஜப்பானின் கோபே பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அடங்கிய குழு 2017-இல் விளக்கியது. புல் வகைகளைத் தாக்கிவந்த பூஞ்சையில் 'பிடபிள்யூடி 3' என்ற புரதம் இருந்தது. அதை இனங்காணும் மரபணு பெரும்பாலான கோதுமை ரகங்களில் உண்டு. பிரேசிலில் பரவலாகப் பயிரான 'அனாஹுவாக்' ரகத்தில் அது இல்லை. அந்த ரகத்தில் காலூன்றிய பூஞ்சை, பின்னர் அந்தப் புரதத்தின் செயல்பாட்டையே இழந்தது. காட்டிக்கொடுக்கும் அடையாளம் மறைந்ததும் பிற ரகங்களும் அதற்கு இரையாயின. ஒரே ரகத்தைப் பெரும் பரப்பில் விதைப்பதன் ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கிடைத்துள்ள அவகாசம்

சாகுபடித் தடை அவகாசம் தரும், தீர்வு தராது. வங்கதேசம் 2017-இல் 'பாரி கோம் 33' என்ற எதிர்ப்புத் திறன் ரகத்தை வெளியிட்டது. காட்டுப் புல் ஒன்றிலிருந்து பெறப்பட்ட மரபணுப் பகுதியே அதன் பலம். ஆனால், தென் அமெரிக்காவில் இந்தப் பாதுகாப்பை மீறும் பூஞ்சை வகைகள் ஏற்கெனவே தோன்றிவிட்டன.

வங்கதேசத்திலும், பின்னர் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவிலும் பரவியவை ஒரே வழித்தோன்றல்கள் என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. 'ஆர்எம்ஜி 8' என்ற மரபணுவைக் கொண்ட கோதுமை இவற்றை இனங்காண முடியும் என்பது ஆறுதலான செய்தி. பூஞ்சை மீண்டும் மாறுவதற்குள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

சட்டம் எங்கே?

அறிவியல் இந்த அளவு முன்னேறியுள்ள நிலையில், சட்டம் பின்தங்கியிருப்பது கவலைக்குரியது. 1914-ஆம் ஆண்டின் பூச்சிகள் தடுப்புச் சட்டத்துக்கு மாற்றாக, வேளாண் உயிரிப் பாதுகாப்பு மசோதா 2013 மார்ச்சில் மக்களவையில் தாக்கலானது. இத்தகைய ஆபத்துகளைக் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைக்க அது வழி செய்தது. 2014-இல் 15-ஆவது மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. வங்கதேசத்தில் நோய் தலைகாட்டியது அதற்கு இரண்டே ஆண்டுகளில்.

பஞ்சாப், ஹரியாணா, உத்தரப் பிரதேசத்தின் களஞ்சியங்களைக் காக்க, தங்கள் பயிரை விட்டுக்கொடுத்தவர்கள் எல்லையோரச் சிறு விவசாயிகள். நாட்டுக்காக ஏற்ற இழப்பை அவர்கள் மட்டுமே சுமப்பது நியாயமல்ல. நோயை விரைந்து இனங்காணும் ஆய்வுக்கூடங்கள், பல மரபணுக்களைக் கொண்ட ரகங்கள், உரிய இழப்பீட்டுக்கான உறுதி ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய புதிய சட்டத்தை நாடாளுமன்றம் கொண்டுவர வேண்டும். அதை அடுத்த வயல் எரிவதற்கு முன்பே செய்ய வேண்டும்.