சவப்பெட்டியோடு முடியும் நாடகம்

ஆங்கிலம் கற்பிக்கும் சகோதரி அவர்கள் இவ்வாண்டு மாலை வேளைகளில் ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்டு' நாடகத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். 1399-இல் இங்கிலாந்தின் முடி, ரிச்சர்டிடமிருந்து அவனுடைய சிற்றப்பன் மகன் போலிங்புரோக்கிடம் போய்ச் சேர்ந்த கதை அது. முடியிழந்த காட்சியில் எல்லாரும் கண் கலங்கினோம். சண்டை வந்ததோ கடைசிக் காட்சியில்தான்.

போலிங்புரோக் இப்போது நான்காம் ஹென்றி மன்னன். எக்ஸ்டன் என்பவன் ஒரு சவப்பெட்டியைக் கொண்டு வருகிறான். உள்ளே ரிச்சர்டு. பரிசை எதிர்பார்த்து நின்றவனை, காயினைப் போல் அலையும்படி மன்னன் விரட்டுகிறான். இரத்தக் கறையைக் கழுவப் புனித நாட்டுக்குப் போவேன் என்று சொல்லி, பெட்டியின் பின்னே துக்கத்தோடு நடக்கிறான். நாடகம் முடிகிறது.

மன்னன்தான் மனம் வருந்திவிட்டானே, இன்னும் என்ன வேண்டும் என்றனர் சிலர். இரண்டு நாள் வாதாடியபின் அதை நாங்கள் ஏற்கவில்லை. 'கொல்' என்று அவன் சொல்லவில்லை, மெய்தான். தன் அச்சத்தைத் தீர்க்க நண்பன் ஒருவனும் இல்லையா என்று கேட்டு, எக்ஸ்டனின் முகத்தைப் பார்த்தானாம். அந்தப் பார்வை போதாதா? பாவசங்கீர்த்தனத்தில் நம் பாவத்தைச் சொல்வோமா, அடுத்தவர் பாவத்தையா? மன்னன் எக்ஸ்டனைத் துரத்தினான். முடியை மட்டும் கழற்றவில்லை.

வரலாற்றில், 1400-இல் சிறையில் ரிச்சர்டு பட்டினியால் இறந்தான் என்றே பலர் கருதுகின்றனர். மன்னனான பின் ஹென்றி புனித நாட்டுக்குப் போகவேயில்லை. 1413-இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில், 'ஜெருசலேம்' என்று பெயரிட்ட ஓர் அறையில் இறந்தான். அவ்வளவு தூரந்தான் போக முடிந்தது!

மன்னனை இவ்வளவு குறை சொல்லும் நாங்கள் ஒன்றை மறைக்கலாகாது. சென்ற பருவத்தில் எங்கள் வகுப்புத் தலைவி மாற்றப்பட்டாள். புகார் எழுதிக் கொடுத்தவள் ஒருத்திதான். எழுது என்று அவளிடம் எவரும் சொல்லவில்லை. "இவளைக் கேட்க ஆளே இல்லையா?" என்று மதிய உணவு வேளையில் அவள் காதில் விழும்படி பேசியவர்கள் நாங்கள். பழைய தலைவி கடைசி பெஞ்சுக்குப் போனபின், எழுதிக் கொடுத்தவளுக்குக் 'கோள்மூட்டி' என்று பெயர் வைத்து ஒதுக்கியவர்களும் நாங்களே.

நாடகம் முடிந்த மறுநாள், எங்களில் மூவர் அவள் பக்கத்தில் போய்ச் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.