ஒரு பருக்கை பதம்

தொலைவிலுள்ள ஆயிரமாயிரம் கணிப்பொறிகளுக்கு மென்பொருளை நொடியில் அனுப்பலாம். பிழையும் அதே வேகத்தில் போய்ச் சேருமல்லவா?

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான பாதுகாப்புக் கோப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை முடக்கியது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. 78 நிமிடங்களில் அதை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் இயங்காத கணிப்பொறி திருத்தத்தை எப்படிப் பெறும்? பலவற்றின் முன் ஆட்களே சென்றமர்ந்து, அக்கோப்பைக் கையால் அழிக்க வேண்டியதாயிற்று.

பாதுகாப்பு விஷயத்தில் தாமதம் கூடுமா என்பீர்கள். முதலில் சில கணிப்பொறிகளில் நிறுவி, அணைத்து, மீண்டும் இயக்கிப் பார்க்கச் சிறிது நேரமே ஆகும். பல நாள் முடக்கத்தைவிட அது மேலன்றோ! பானைச் சோற்றுக்குப் பருக்கை பார்ப்பவர்கள், கணிப்பொறிக்கும் பார்க்கட்டும்.