நீலிக்கண்ணீரும் மலிவுப் பேய்களும்

பொய் அழுகைக்குத் தமிழ் இட்ட பெயர் 'நீலிக்கண்ணீர்'. அந்த நீலி யார், அவள் ஏன் அழுதாள் என்று கேட்போர் குறைவு. பழையனூர் நீலி கதைக்கு வடிவங்கள் பல. அவற்றின் பொது முடிச்சு ஒன்றே: கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகத் திரும்பி வருகிறாள். மறுபிறவியில் வணிகனாக வரும் அவனை, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தியபடி ஊர்ச்சபையில் நிறுத்தி, கணவன் தன்னைக் கைவிட்டான் என்று அழுகிறாள். வேளாளர் எழுபதின்மர் அந்த அழுகையை நம்பி, வணிகன் உயிருக்குத் தாங்களே பிணை என்று வாக்களித்து அவனை அவளுடன் தங்கச் செய்கின்றனர். விடியும்போது அவன் இறந்து கிடக்கிறான். வாக்குத் தவறாத வேளாளர் தீப்பாய்கின்றனர்.

வேளாளரின் வாய்மை பாராட்டப்பட்டது. வணிகனின் சாவு இரங்கப்பட்டது. நீலிக்கு மட்டும் ஒரு வசைச்சொல் கிடைத்தது. அவள் சபையில் சொன்ன கதை புனைவு. ஆனால் அவள் கொலையுண்டதும், கொன்றவன் அவனே என்பதும் கதைக்குள் உண்மை. மொழி அந்த உண்மையைக் கைவிட்டுவிட்டுப் புனைவை மட்டும் அகராதியில் ஏற்றிக்கொண்டது. பேய்ப்படங்களைப் பற்றிக் கல்விப்புலம் இன்று வழங்கும் தீர்ப்பும் இதே தன்மையது. எந்தப் படம் ஆய்வுக்குரியது, எது குப்பை என்னும் பகுப்பின் அடியில், இறந்தவளின் முறையீட்டை நம்பலாமா என்ற பழைய வழக்கே நடந்துகொண்டிருக்கிறது.

இந்த வழக்கைப் பார்க்கத் தக்க இடம் திருப்பூணித்துறை. 1865இல் எழுந்த ஹில் பேலஸ், கொச்சி அரச குடும்பத்தின் மாளிகை, இப்போது அருங்காட்சியகம். ஃபாசிலின் 'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தின் பெரும் பகுதிகள் பத்மநாபபுரம் அரண்மனையிலும் இங்கும் எடுக்கப்பட்டன. தேசிய விருதுகளும் சோபனாவின் நடிப்பும் மது முட்டத்தின் திரைக்கதையும் அதற்கு நிலையான புகழைத் தந்தன. 2024 ஆகஸ்டில் 4கே வடிவில் மீண்டும் திரைக்கு வந்தபோதும் கேரளம் அதைக் கொண்டாடியது. ஆய்வரங்குகளில் அந்தப் படத்துக்குக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடை வரும்: அது பேய்ப்படம் அன்று, உளவியல் படம். பேய்ப்படம் மதிக்கப்பட வேண்டுமானால் அது பேய்ப்படம் அல்ல என்று முதலில் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

படம் தன் பேயை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடல்மகள் நாகவல்லி. அவள் காதலித்தவன் ராமநாதன் என்னும் ஆடற்கலைஞன். அவளைச் சிறைவைத்துக் கொன்றவன் அந்தத் தறவாட்டுக் காரணவர் சங்கரன் தம்பி. தலைமுறைகள் கடந்து அந்த வீட்டுக்கு வரும் கங்காவின் உடலில் நாகவல்லி எழுகிறாள். மருத்துவர் சன்னி அதைப் பிளவாளுமை என்று கண்டறிகிறார். மாந்திரீகரின் உதவியோடு ஒரு சடங்கு நடத்தப்படுகிறது. சங்கரன் தம்பி கிடக்க வேண்டிய இடத்தில் ஒரு பொம்மை கிடக்கிறது. நாகவல்லி பொம்மையை வெட்டிவிட்டுப் பழி தீர்ந்ததாக நம்பி விலகுகிறாள். இறுதியில் கங்கா தன் பெயரைக் கணவன் பெயரோடு சேர்த்துச் சொல்லும்போது நோய் தீர்ந்தது உறுதியாகிறது.

கங்காவுக்குச் சிகிச்சை கிடைத்தது, நன்று. நாகவல்லிக்குக் கிடைத்தது ஒரு பொம்மை. கொலை நடந்தது என்பதை மறுக்காமலேயே, கொலையுண்டவளின் முறையீட்டை ஒரு நோய்க்குறியாகப் படம் மாற்றிவிடுகிறது. நீலியை நம்பிய எழுபது வேளாளர் அதற்கு விலையாகத் தீயில் இறங்கினர். நாகவல்லியை நம்புவதாக நடித்த மாளிகையில் ஒருவருக்கும் எந்த இழப்பும் இல்லை. கற்றோர் அந்தப் படத்தை விரும்புவதற்கு அதன் கலைத்திறன் ஒரு காரணம். ஒருவரிடமும் எதையும் கோராமல் பேய் விடைபெறுகிறது என்னும் ஆறுதல் இன்னொரு காரணம்.

இங்கே மொழியையும் கவனிக்க வேண்டும். கங்கா பேசுவது மலையாளம். நாகவல்லி பேசுவது தமிழ். இதே கதை கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004) ஆனபோது பேய் தெலுங்கு பேசியது. தமிழில் 'சந்திரமுகி' (2005) ஆனபோதும் தெலுங்கு. இந்தியில் 'பூல் புலைய்யா' (2007) ஆனபோது வங்காளம். பெயரும் ஊரும் மாறின. பேய் அண்டை மொழிக்காரி என்பது மட்டும் மாறவில்லை. திருப்பூணித்துறையின் அக்கிரகாரத் தெருக்களில் மலையாளம் கலந்த தமிழ் வீட்டுமொழியாக வழங்குகிறது. ஃபோர்ட் கொச்சிச் சலவைத்துறையில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைக்கின்றன. உயிரோடு கூடவே வாழும் மொழி, மாளிகைக்குள் நுழையும்போது பித்தின் மொழியாகிறது. அந்தத் தமிழ்க் குரல் யாருடையது என்பதும் நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருந்தது. அது துர்கா என்னும் தமிழ்ப் பின்னணிக் குரல் கலைஞருடையது என்று இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் இயக்குநரே தெளிவுபடுத்தினார். கதையில் நாகவல்லிக்கு நேர்ந்தது, கதைக்கு வெளியே அவள் குரலுக்கும் ஓரளவு நேர்ந்தது.

இந்த உயர்ந்த பேய்க்கு எதிர்ப்புறத்தில் மலிவுப் பேய்கள் நிற்கின்றன. மலையாளத்தில் பேபி இயக்கிய 'லிசா' (1978), எம். கிருஷ்ணன் நாயரின் 'கள்ளியங்காட்டு நீலி' (1979). தமிழில் அதே பேபி எடுத்த '13-ஆம் நம்பர் வீடு' (1990). 'யக்ஷகானம்' (1976) தமிழில் 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978) ஆனதுபோல, இந்தப் பேய்கள் மலை தாண்டி இருமொழிக்கும் போய்வந்தன. குறைந்த செலவு, அவசர ஒப்பனை, உரத்த இசை, பழைய பங்களா. இவற்றின்மீது கற்றோர் காட்டும் மனப்பாங்கு இருவகை. ஒன்று, பெயர் சொல்லவும் கூசும் ஒதுக்கல். மற்றது அண்மைக்காலத்தது: எவ்வளவு மட்டமோ அவ்வளவு வேடிக்கை என்று நண்பர்களோடு கூடிச் சிரிக்கும் ரசனை. இரண்டாவது முதலாவதைவிடத் தாராளமானது போலத் தோன்றும். அதுவும் நம்ப மறுப்பதன் இன்னொரு வடிவமே. ஒதுக்குபவர் நீலியைச் சபைக்குள் விடுவதில்லை, சிரிப்பவர் உள்ளே அழைத்து அழச்சொல்லிக் கைதட்டுகிறார்.

உலக அளவில் இந்தக் கேலி ரசனைக்கு அதிகம் ஆளானவை இத்தாலியின் மலிவு ஜாம்பி படங்கள். ஜார்ஜ் ரொமேரோவின் அமெரிக்கப் படம் 1978இல் இத்தாலியில் 'ஜாம்பி' என்ற பெயரில் வெளியாயிற்று. மறு ஆண்டே லூசியோ ஃபுல்ச்சியின் படம் 'ஜாம்பி 2' என்று பெயர் சூட்டிக்கொண்டது. அந்த இரண்டு கதைத் தொடர்ச்சியைக் குறிக்கவில்லை, வணிகத்தைக் குறித்தது. பிரித்தானியர், அமெரிக்கர், இத்தாலியர், கிரேக்கர் ஒரே சட்டகத்தில் நடித்தனர்; அக்கால இத்தாலிய வழக்கப்படி குரல்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. உதடும் சொல்லும் ஒட்டுவதில்லை என்பது அந்தப் படங்களின்மீது வழமையாகச் சொல்லப்படும் குறை. ஓர் உடலில் இன்னொருவர் குரல் என்பதுதான் பேய்பிடித்தலின் இலக்கணமும். மணிச்சித்திரத்தாழிலும் அதுவே நடக்கிறது. அங்கே ஒட்டு தெரிவதில்லை, இங்கே தெரிகிறது.

'ஜாம்பி 2' படத்தில் நடப்பது என்ன? கரீபியத் தீவொன்றில் இறந்தோர் எழுகின்றனர். மருத்துவர் மெனார்ட் அதற்கு அறிவியல் காரணம் தேடித் தேடிக் களைத்து, கடைசியில் அவர்களுக்கே இரையாகிறார். படம் காரணம் சொல்லவே இல்லை. ஒரு காட்சியில் நானூறு ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணைக் கைப்பற்ற வந்த ஸ்பானியப் படையினர் புதைகுழியிலிருந்து புழுக்களோடு எழுகின்றனர். வெல்ல வந்தவரை மண் திருப்பி அனுப்புகிறது என்ற ஒற்றைக் காட்சிக்கு எந்த வசனமும் தேவைப்படவில்லை. திருப்பூணித்துறை மாளிகையில் மருத்துவர் வென்றார். அந்தத் தீவில் மருத்துவர் தோற்றார். இரண்டு படங்களுக்கும் இடையே செலவிலும் திறனிலும் உள்ள வேறுபாட்டைக் காட்டிலும் பெரிய வேறுபாடு இதுவே.

புரூனோ மத்தேயின் 'வாழும் பிணங்களின் நரகம்' (1980) இன்னும் மட்டமான தயாரிப்பு. நியூகினி பற்றிய ஆவணப்பட வெட்டுத்துண்டுகளை ஒட்டி நீளத்தை நிரப்பிய படம். அதன் கதையோ இது: வளர்ந்த நாடுகள் மூன்றாம் உலக மக்கள்தொகையைக் குறைக்க ஓர் ஆலையில் மறைவாகத் தீட்டிய திட்டம் கைமீறிப் போகிறது, ஏழைகள் ஒருவரையொருவர் தின்னத் தொடங்குகின்றனர். நெருக்கடிநிலைக் காலத்தில் (1975–77) கட்டாயக் கருத்தடை முகாம்களைக் கண்ட நாட்டின் ஆய்வாளருக்கு இது வெறும் சிரிப்புக்குரிய கற்பனையாகத் தோன்றினால், குறை படத்தில் இல்லை.

இந்த ஈர்ப்பைக் குருதிவெறி என்று சுருக்கிவிடுவது எளிது. குருதி வேண்டுமானால் எத்தனையோ சண்டைப் படங்கள் இருக்கின்றன. மலிவுப் பேய்ப்படத்தில் மட்டும் கிடைக்கும் ஒன்று உண்டு: இறந்தவர் வந்தார் என்றால் வந்ததாகவே கொள்ளும் நேர்மை. பெருஞ்செலவுப் படம் எல்லாத் தரப்பையும் நிறைவுசெய்ய வேண்டும். எனவே பகுத்தறிவாளருக்கு ஒரு விளக்கம், பக்தருக்கு ஒரு மந்திரம், குடும்பத்துக்கு ஒரு சுபம் என்று பங்கு வைக்கிறது. மலிவுப் படத்துக்கு அந்தக் கடன் இல்லை. ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) இன்றும் இரைச்சல் என்றே பேசப்படுகிறது. மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை அரசியல்வாதியிடம் பறிகொடுத்துக் கொல்லப்பட்ட திருநங்கை அதன் பேய். மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளை உச்சநீதிமன்றம் ஏற்றது 2014இல். அதற்கு மூன்றாண்டு முன்பே, அவளுடைய நில வழக்கில் அவள் பக்கம் நின்று கைதட்ட ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. அந்தப் பேய் அண்டை மொழி பேசவில்லை; பார்ப்போரின் தமிழையே பேசியது.

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு; இரண்டும் வலியவை. முதலாவது: இந்தப் படங்கள் பெண்ணுடலையும் பழங்குடியினரையும் கடைச்சரக்காக்குகின்றன. உண்மை. மத்தேயின் படம் நியூகினி மக்களைக் காட்டும் விதம் இழிவானது; காஞ்சனாவும் திருநங்கையின் அசைவுகளைச் சிரிப்புக்குப் பயன்படுத்தத் தயங்குவதில்லை. அவை எழுதப்பட வேண்டும், கடுமையாகவே. ஆனால் படிக்காமல் ஒதுக்குவது விமர்சனம் ஆகாது. தமிழ்த்தாய் இல்லாத ஊரில் தமிழைப் பித்தாக்கிய மாளிகைப் படத்துக்கு எத்தனை நுட்பமான வாசிப்பு கிடைத்ததோ, அதில் பாதியாவது இவற்றுக்கும் உரியது.

இரண்டாவது: பேயை நம்பச் சொல்லும் கலை, உயிரோடு இருப்போரை வதைக்கும். இதையும் ஒதுக்க முடியாது. திருப்பூணித்துறைக்கு அருகே சோட்டானிக்கரையில், பேய்பிடித்ததாகக் கருதப்பட்டோர் பொருட்டு அறையப்பட்ட ஆணிகளோடு கீழ்க்காவு மரம் நிற்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினர். அவர்களுக்குத் தேவைப்பட்டவர் மருத்துவரே. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. இதனாலேயே வேறுபாட்டைக் கறாராகப் பேண வேண்டும். ஏர்வாடியில் கட்டப்பட்டிருந்தவர் நோயாளி. அவரைப் பேய் என்றது கொடுமை. நாகவல்லி கதைக்குள் கொலையுண்ட பெண்; அவளை நோய் என்று முடித்துவிடுவதும் ஒரு கொடுமை. இரண்டிலும் பேசுபவரின் சொல்லைக் கேளாமல் பெயர் சூட்டப்படுகிறது. திரையில் பேயை நம்புவது ஆவிகள் உண்டு என்று ஒப்புவதாகாது. சாட்சியே இல்லாமல் புதைக்கப்பட்ட குற்றங்கள் உண்டு என்று ஒப்புவது.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. தமிழ், மலையாளத் திரை ஆய்வு எழுபது, எண்பதுகளின் மலிவுப் பேய்ப்படங்களைப் பட்டியலிட வேண்டும். எஞ்சிய படச்சுருள்களையும் ஒளிநாடாக்களையும் தேடிச் சேர்க்க வேண்டும். குரல் கொடுத்தோர், ஒப்பனை செய்தோர், துணை நடிகர் ஆகியோர் பெயர்களை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் பதிய வேண்டும். பாடத்திட்டத்தில் 'மணிச்சித்திரத்தாழ்' இருக்கட்டும். அதனருகே 'லிசா'வும் இருக்கட்டும். கேலிக்கூட்டங்களில் இந்தப் படங்களைத் திரையிடுவோர் ஒருமுறையேனும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தப் பேய் யாரைக் குற்றம் சாட்டுகிறது என்று கவனிக்கட்டும். சபையில் நின்று ஒரு பெண் அழும்போது, அவள் அழுகை அழகாக இருக்கிறதா என்பது நீதிபதி கேட்கும் முதல் கேள்வியாக இருக்கக் கூடாது.